அண்ணனைச் சாகடித்த உல்லாசப் பயணம்

அயின் தூத், பத்ரூன் மலை
9 மே 1972

என் அண்ணன் மகளும், ஹாலிஃபாக்ஸ் நகரத்துப் பகல் வெளிச்சத்தில் பாதிக்குச் சொந்தக்காரியுமான நஜ்லாவுக்கு,

உன் இரு கண்களிலும் சித்தப்பாவின் முத்தம். இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பா குதிரை மாதிரி இருக்கிறார். ஆடும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. உன் சுகத்தை எழுது. மாப்பிள்ளை மிலாதின் சுகத்தை எழுது. ரொட்டிக்கடையில் உன்னைச் சக்கையாய்ப் பிழியும் வருங்கால மாமியாரின் சுகத்தையும் மறக்காமல் எழுது. உன் கல்யாணத்துக்கு, செப்டம்பர் ஒன்பதுக்கு, எத்தனை நாள் இருக்கிறது என்று உன் அப்பா தினமும் எண்ணுகிறார். அவர் விரல்கள் தீர்ந்ததும் என் விரல்களைப் பிடித்துக்கொள்கிறார். நான் கார் ஓட்டும்போதும்.

சனிக்கிழமை ஒரு பயணம் போனேன். பெய்ரூட் ஹோட்டல்காரர்கள் ஒரு கணவன் மனைவியை என் கறுப்பு மெர்சிடிஸில் ஏற்றிவிட்டார்கள். கனடாக்காரர்கள். அவர் வாய் திறக்காமல் கேமராவை மட்டும் திறப்பவர். அந்த அம்மாளோ நான் தும்மினாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவள். இப்படி ஒரு பயணியை ஆண்டவன் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் படைக்கிறான்.

நாய் ஆற்றுப் பாறையில், படையெடுத்து வந்த அரசர்கள் எல்லாம் பெயர் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் அல்லவா? நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அது எனக்காக அரசாங்கம் ஒதுக்கியது என்றேன். எழுதிக்கொண்டாள். ஜூனியே வளைகுடா ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டாள். எங்கள் கொள்ளுத்தாத்தா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரையில் சாய்ந்தார், கரை தாங்கவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். ஜுபைல் துறைமுகத்தில் மீன் வறுத்துச் சாப்பிட்டோம். பத்ரூனில் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, கடலுக்குள் நிற்கும் அந்தப் பழைய கற்சுவரைக் காட்டினேன். அதை எங்கள் வம்சத்தார் ஒரு சனி, ஞாயிறில் கட்டி முடித்தார்கள், திங்கட்கிழமை வேறு வேலை இருந்தது என்றேன். அவள் கணவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் படம் பிடித்தார்.

பிறகு மலை ஏறி ஒயின் கூடங்கள். முதலில் மடம். சபைத் தலைவர் கைநீளச் சாவியால் பாதாள அறையைத் திறந்தார். குளிர் எங்களை முட்டித் தள்ளியது. அடுத்தது நம் ஜமீன்தார் அஸாத் பேயின் மாளிகை. வெள்ளித் தட்டு, பளிங்குக் கோப்பை, வெள்ளைக் கையுறை போட்ட பணியாள். கையுறையைப் பார்த்துக் கோப்பையே கூசியிருக்கும்.

மூன்றாவதாக நம் வீடு. ஊற்றினோம், குடித்தார்கள். அந்த அம்மாள் அழுதாள். ஆமாம் மகளே, உன் அப்பாவின் ஒயின் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆறு புட்டி வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். வேறு எழுத ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து உன் அப்பாவுக்குத் தரையில் கால் இல்லை. "என் ஒயினைக் குடிச்சுட்டு வெள்ளைக்காரம்மா ஏங்கி ஏங்கி அழுதாப்பா" என்று கோயில் வாசலில் சொல்கிறார், மாவு மில்லில் சொல்கிறார், கேட்க ஆள் இல்லாதபோது கழுதையிடம் சொல்கிறார்.

கடற்கரைச் சாலையின் முடிசூடா மன்னன்,
உன் சித்தப்பா நக்லே


ஹாலிஃபாக்ஸ்
28 மே 1972

மரியாதைக்குரிய நக்லே சித்தப்பாவுக்கு,

உங்கள் கையை முத்தமிடுகிறேன். முழங்கால் பரவாயில்லையா? நான் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

இருபதாம் தேதி எங்கள் கடைக்கு ஹார்டிங் அம்மாள் வந்தார். வாராவாரம் ரொட்டி வாங்குகிறவர். "உன் நாட்டுக்குப் போய்விட்டு வந்தேன்" என்று சொல்லிக் குறிப்பேட்டை விரித்தார். பாறையில் தனக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கும் ஓட்டுநர் என்றதும் நான் சிரித்துவிட்டேன். "அது என் சித்தப்பா, உலகத்தில் இரண்டு பேர் அப்படி இருக்க முடியாது" என்றேன். அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால், போன பனிக்காலத்தில் இறந்துபோன அந்த ஒயின்காரர் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

நான் நம்பவில்லை சித்தப்பா. நாலு நாள் நம்பவில்லை. பிறகு உங்கள் கடிதம் வந்தது. "உன் அப்பா குதிரை மாதிரி இருக்கிறார்" என்ற வரியைப் படித்தேன். நம்பிவிட்டேன்.

நம் ஊரில் யார் செத்தாலும் கடல் தாண்டிய பிள்ளைகளுக்கு இப்படித்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தனியாகக் கிடந்து அழக் கூடாது என்று மறைப்பார்கள். நம் ஊர்ப் பையன் ஹன்னாவின் தாயைப் புதைத்து ஏழு மாதம் வரைக்கும் அவனுக்கு "அம்மா உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள்" என்று கடிதம் போனது. ஊரில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதங்களை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே. அப்பாவின் கடிதங்களையும் நீங்கள்தானே எழுதுகிறீர்கள். அப்படியென்றால் ஜனவரியிலிருந்து எனக்கு வந்தது எதுவும் அப்பா சொன்னது இல்லையா?

நேற்று இங்குள்ள மாதா கோயிலில் அப்பாவின் ஆன்மாவுக்குப் பூசை வைத்தோம். நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வந்து துக்க வீட்டுக் கசப்புக் காபி குடித்தார்கள். நான் கறுப்பு உடுத்திவிட்டேன். மாமியார் என் தலையைத் தடவி, "ஒரு வருஷம் போகட்டும்மா. அப்பனுக்குத் துக்கம் காக்காம மாலை மாத்தினா ஊர் என் மூஞ்சியில துப்பும்" என்றார். மிலாத் கல்யாண மண்டபத்தை வேண்டாமென்று சொல்லப் போயிருக்கிறான்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். சாகும்போது வலித்ததா?

நஜ்லா


அயின் தூத்
12 ஜூன் 1972

என் கண்ணே நஜ்லாவுக்கு,

முத்தங்கள். சுக விசாரிப்புகள். ஆட்டை விடு, முழங்காலை விடு.

உன் அப்பா சாகவில்லை. இதை எழுதும் இந்த நொடியில் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு முழு வெங்காயத்தை உப்பு தொட்டுக் கடித்துத் தின்றுகொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பாறை உருளுகிறது. செத்தவன் இப்படி வெங்காயம் தின்பானா? நேற்று கழுதையோடு மல்லுக்கு நின்று ஜெயித்தார். கழுதைதான் படுக்கையில் இருக்கிறது.

பாதிரியாரைக் கூப்பிட்டுப் பூசையைத் திருப்பி வாங்கச் சொல். மண்டபத்தை விடாதே என்று மிலாதிடம் சொல். கறுப்பைக் கழற்றி மாமியாருக்கே கொடு.

அந்த அம்மாள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கென்ன தெரியும்? வெயில். மூன்று ஒயின் கூடம். மடத்து ஒயினே ஒட்டகத்தைச் சாய்க்கும். எதையோ எதனோடோ சேர்த்துக் குழப்பியிருப்பாள். கனடா அவ்வளவு பெரிய தேசம், மூன்று கடல் அகலம் என்கிறார்கள். அதில் அவள் உன் கடையில்தானா ரொட்டி வாங்க வேண்டும்?

உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. எதற்கு? மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். அன்று ஊற்றிக் கொடுத்த பீப்பாய்க்கு "சீமாட்டி" என்று பெயர் வைத்துவிட்டார். தினமும் சாயங்காலம் அதைத் துணியால் துடைக்கிறார். முப்பது வருடமாக ஒயின் போடுகிறவரை வெளியாள் ஒருவரும் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது பக்கத்து வீட்டு எண்ணெய்க்காரன் இப்ராஹீமிடம், "உன் எண்ணெயைத் தின்னுட்டு யாராச்சும் அழுதிருக்கானா, சொல்லு" என்று வம்பு இழுக்கிறார். "என் எண்ணெயைத் தின்னா வயிறுதான் அழும்" என்று அவன் சொல்லிவிட்டுப் போகிறான்.

உயிருள்ள அண்ணனின் தம்பி,
நக்லே


ஹாலிஃபாக்ஸ்
30 ஜூன் 1972

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

கைகளுக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எனக்கு அங்கே நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்காமல் தந்தி கொடுத்தேன். அப்பாவை பத்ரூன் தபால் நிலையத்துக்கு அழைத்து வாருங்கள், தொலைபேசியில் ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், போதும் என்று கேட்டேன். "லைன் பழுது. அப்பா குதிரை" என்று பதில் தந்தி வந்தது. இன்னும் குதிரைதான். ஹன்னாவின் தாயும் குதிரையாகத்தான் இருந்தாள்.

பிறகு வெங்காயக் கடிதம் வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். அப்பா அப்படியேதான் தின்பார். அவரை நீங்கள் எவ்வளவு நன்றாக நினைவு வைத்திருக்கிறீர்கள். ஆனால் இனி வேண்டாம் சித்தப்பா. ஒவ்வொரு கடிதத்திலும் அவரை எழுப்பி உட்கார வைக்கிறீர்கள். மடித்து வைத்ததும் மறுபடி நான் புதைக்க வேண்டியிருக்கிறது.

மண்டபத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். மிலாதின் அக்காவால் வர முடியாது என்பதால் அடுத்த செப்டம்பரும் சந்தேகம் என்கிறார்கள். மிலாத் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

அம்மா பக்கத்திலேயே புதைத்தீர்களா? அங்கே இடம் இருந்ததா?

நஜ்லா


அயின் தூத்
14 ஜூலை 1972

நஜ்லா மகளே,

கண்களில் முத்தம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதைவிடப் பெரிய சுகச்செய்தி என்னிடம் இல்லை.

அறுபத்தொரு வருடமாக நான் சொன்ன பொய்களை எல்லாம் இந்த மலை நம்பியது. இப்போது என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஒருத்தியும் இல்லை. நீ நம்புகிற மாதிரி எழுத ஒரே வழிதான் இருக்கிறது. எனக்கு அவமானமாக இருப்பதை எழுத வேண்டும். எந்தக் கிராமத்தானும் துக்கத்தை மறைக்க இப்படி ஒரு கதை கட்டமாட்டான்.

உன் அப்பா இறந்துவிட்டதாக அந்த அம்மாளிடம் சொன்னது நான்தான்.

ஏன் என்று கேள். ஜூனியேயில் ஆரம்பித்தேன், மூன்றாவது கூடம் என் அண்ணனுடையது என்று. ஜுபைல் வருவதற்குள் அவர் பிரான்சில் படித்தவராகிவிட்டார். பத்ரூனில் அவருக்கு ஒரு கோட்டை கட்டினேன். மலை ஏறும்போது, போப்பாண்டவருக்கே புட்டி அனுப்புகிறவர் என்றேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே வந்தாள். அவள் எழுத எழுத எனக்கு நாக்கு நீண்டது. வழியில் அந்த மடமும், அஸாத் பேயின் வெள்ளித் தட்டும் வேறு. பிறகு கார் நம் வாசலில் நின்றது. உனக்குத் தெரியாதா நம் வாசல்? தகரக் கொட்டகை, ஐந்து பீப்பாய், சாணம், கழுதை.

"எங்கே உங்கள் அண்ணன்?" என்று கேட்டாள்.

பனிக்காலத்தில் போய்விட்டார் என்று வாயில் வந்துவிட்டது. சத்தியமாக நான் கூப்பிடவில்லை, அதுவாகவே வந்தது. கோட்டையும் அவரோடு இடிந்துவிட்டது என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுதது ஒயினுக்கு இல்லை.

இதுதான் நடந்தது. லைன் பழுது இல்லை. உன் அப்பாவை அழைத்துப் போனால் எதற்கு என்று கேட்பாரே, அதற்காகப் பழுதாக்கினேன். தினமும் அந்தச் சீமாட்டிப் பீப்பாயைத் துடைக்கிறார் நஜ்லா. கல்யாணத்தை நடத்து. இந்த விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும். அவரிடம் மட்டும் வேண்டாம். உன் காலைப் பிடிக்கிறேன், முழங்கால் மடங்காவிட்டாலும்.

நக்லே


ஹாலிஃபாக்ஸ்
27 ஜூலை 1972

சித்தப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் விழைகிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாதி நம்பினேன். இன்று ஹார்டிங் அம்மாள் கழுவிய படங்களைக் கொண்டுவந்தார். அவர் கணவர் சுவரையும் கடலையும் எடுத்துத் தள்ளியிருக்கிறார். கடைசியில் நம் கொட்டகை. "இவர்தான் பாவம், அந்த வீட்டுச் செவிட்டு வேலைக்காரர்" என்று ஒரு படத்தைக் காட்டினார். "காலில் செருப்புகூட இல்லை. முதலாளி போன பிறகும் வீட்டைவிட்டுப் போகவில்லையாம். நான் அழுததும் ஓடிப்போய்க் கை நிறையப் பச்சை வாதுமை பறித்துவந்து கொடுத்தார். எனக்கு அழுகை கூடிவிட்டது."

சித்தப்பா, படத்தில் அப்பா இருக்கிறார். கிழிந்த கால்சட்டை, முழங்கால் வரை மண். கோப்பையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு சிரிக்கிறார். ரொட்டி மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து படத்தை முத்தமிட்டேன். கடையில் எல்லோரும் ஓடிவந்தார்கள். மாமியார் நெஞ்சில் கை வைத்து, "உயிரோடவா, உயிரோடவா" என்று அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமானவள் இல்லை.

பிறகுதான் "வேலைக்காரர்" என்ற வார்த்தை காதில் விழுந்தது. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அண்ணன் எங்கே என்று அவர் கேட்டபோது அண்ணன் எங்கே இருந்தார் என்று அதில் இல்லை.

பழைய மண்டபம் போனாலும் கோயில் கூடம் கிடைக்கும் என்கிறான் மிலாத். ஒன்பதாம் தேதியே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் நான் இன்னும் கறுப்பில்தான் இருக்கிறேன். இதனுடன் அப்பாவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பாதிரியாருக்கு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. நீங்களே படித்துக் காட்டுங்கள், ஒரு வார்த்தை விடாமல். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அதுவரை கழற்றமாட்டேன்.

நஜ்லா

(அப்பாவுக்கு)

அன்புள்ள அப்பா, உங்கள் கால்களை முத்தமிடுகிறேன். இரண்டு மாதம் நீங்கள் இல்லாமல் இருந்தேன். சித்தப்பா அந்த வெள்ளைக்கார அம்மாவிடம் நீங்கள் செத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். எதிரில் நின்று ஒயின் ஊற்றிய உங்களைச் செவிட்டு வேலைக்காரன் என்று சொல்லியிருக்கிறார். அது என் காதுவரை வந்து, உங்களுக்குப் பூசை வைத்து, கல்யாணத்தையும் தள்ளிவைத்தோம். இதை உங்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு நான் மாலை மாற்ற முடியாது. ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். நான் மறைக்கவில்லை. உங்கள் நஜ்லா.


அயின் தூத்
8 ஆகஸ்ட் 1972

மகளே,

கடிதம் கிடைத்தது. உன் அப்பா சுகம். வெயில் அதிகம். திராட்சை நன்றாக வந்திருக்கிறது. முழங்கால் அப்படியேதான்.

நக்லே


அயின் தூத்
16 ஆகஸ்ட் 1972

நஜ்லாவுக்கு,

முத்தம். இன்று சுகம் என்ற வார்த்தையை எழுதவில்லை.

உன் தாளை ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இதுவரை அண்ணனுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் நான் ஒரு நாள்கூட வைத்திருந்ததில்லை. கூட்டிச் சேர்த்துப் படிப்பேனே தவிர, குறைத்துப் படித்ததில்லை. இதை எப்படிக் கூட்டினாலும் குறைத்தாலும் அதுவாகவே இருந்தது. நேற்று மாதா திருவிழா. பூசை முடிந்து வந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு பீப்பாய் கழுவ உட்கார்ந்தார். அறுவடைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. நான் பக்கத்தில் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, "நஜ்லா எழுதியிருக்கா" என்றேன்.

"படி. கல்யாணச் சேதியா?"

படித்தேன். செத்துவிட்டதாகச் சொன்ன வரியில் நிறுத்திவிட்டேன்.

"என்னடா, எழுத்து புரியலையா?"

"புரியுது."

"செத்துட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேண்ணே."

என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "எப்படிச் செத்தேன்?"

"பனிக்காலத்துல. தூக்கத்துல."

"அந்த மட்டும் நல்ல சாவாக் குடுத்தியே. கூட்டம் வந்துச்சா?"

"மூணு பிஷப் வந்தாங்கன்னேன்."

"மூணா? உன் மூஞ்சிக்கு மூணு பிஷப்பா? டேய் நக்லே, உன்னை வெச்சுக்கிட்டு ஒருத்தன் நிம்மதியாச் சாகக்கூட முடியாதுடா." கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. இத்துடன் தாளை மடித்து வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மகளே. மறைக்காமல் சொல்கிறேன், நினைத்தேன்.

"மீதியைப் படி. எம் பொண்ணு இவ்வளவுதானா எழுதுவா?"

படித்தேன். எதிரில் நின்று ஒயின் ஊற்றிய உங்களை. செவிட்டு வேலைக்காரன்.

பீப்பாய்க்குள் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என் முன்னாடி நின்னா சொன்ன?"

"பிரெஞ்சுல சொன்னேன்."

"நான் ஊத்திக்கிட்டு நிக்கும்போது?"

"ஆமா."

"நீ சொன்ன, அவங்க என்னைப் பார்த்தாங்க, நான் சிரிச்சேன்." கேள்வியாகச் சொல்லவில்லை. "அப்ப அந்தம்மா அழுதது ஒயினுக்கு இல்லையா?" என்றார்.

"இல்லண்ணே."

எழுந்தார். குழாயடியில் கால்களைக் கழுவினார், விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். உள்ளே போய்ப் பூசைக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புத் தோல் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வந்தார். கயிற்றை இறுக்கிக் கட்டினார். அதோடு உட்கார்ந்து மறுபடி பீப்பாய் கழுவினார். தண்ணீர் சப்பாத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. நான் ஏதேதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை தோட்டத்துக்கும் அந்தச் சப்பாத்தோடுதான் போனார்.

நீ கேட்டாயே அவர் என்ன சொன்னார் என்று. அவ்வளவுதான் சொன்னார். நான் எதையும் சேர்க்கவில்லை. இதை நீ நம்ப வேண்டியதில்லை.

நக்லே


ஹாலிஃபாக்ஸ்
30 ஆகஸ்ட் 1972

சித்தப்பாவுக்கு,

கைகளுக்கு முத்தம்.

உங்கள் கடிதமும் அப்பாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அப்பாவுடையது பாதிரியார் எழுதியது. என் வாழ்நாளில் அப்பாவிடமிருந்து உங்கள் கையெழுத்தில் இல்லாமல் வந்த முதல் கடிதம். மூன்றே வரி. "நான் உயிரோடு இருக்கிறேன். ஒன்பதாம் தேதியே கல்யாணத்தை வை. கறுப்பை எரிக்காதே, கொடுத்துவிடு, நல்ல துணியாக இருக்கும்."

உங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன், தாளின் பின்பக்கத்திலும் இல்லை.

இன்று கழற்றிவிட்டேன். ஒன்பதாம் தேதி கோயில் கூடத்தில் கல்யாணம். நீங்கள் படித்துக் காட்டியதற்கு நன்றி என்று எழுத நினைத்தேன். இன்னும் மனம் வரவில்லை. அப்பா உங்களிடம் பேசுகிறாரா?

நஜ்லா


அயின் தூத்
26 செப்டம்பர் 1972

மிலாதின் மனைவியான நஜ்லாவுக்கு,

உனக்கும் உன் கணவனுக்கும் உன் மாமியாருக்கும் வாழ்த்துகள். ஒன்பதாம் தேதி இங்கே பாதிரியார் மணி அடித்தார். உன் அப்பா வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சர்க்கரை வாதுமை கொடுத்தார். நானும் வரிசையில் நின்றேன். எனக்கும் கொடுத்தார், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு.

பேசுகிறாரா என்று கேட்டிருந்தாய். பேசவில்லை. ஒரே முற்றம், ஒரே குழாய், ஒரே கழுதை. இப்ராஹீமிடம் பேசுகிறார், கழுதையிடம் பேசுகிறார். "தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று இப்ராஹீம் கேட்டதற்கு, "செத்தவன் எப்படிப்பா பேசுவான்" என்றாராம். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அறுவடை முழுக்க எதிரெதிர் வரிசையில் பறித்தோம்.

போன சனிக்கிழமை ஹோட்டல்காரர்கள் ஒரு சுவிஸ் தம்பதியை ஏற்றிவிட்டார்கள். நாய் ஆற்றில் நிறுத்தி, இது பாறை என்றேன். ஜூனியேயில், இது கடல் என்றேன். என் வரலாற்றிலேயே இவ்வளவு மட்டமான பயணம் நடந்ததில்லை. அந்தப் பெண் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். மடம் போனோம், அஸாத் பேயின் வீட்டுக்கும் போனோம். திரும்பியிருக்கலாம். கார் நம் வாசலில் நின்றது. நான்தான் நிறுத்தினேன்.

உன் அப்பா கொட்டகையிலிருந்து வந்தார். நான் இறங்கி, "இவர் என் அண்ணன் தன்னூஸ். ஒயின் இவருடையது" என்று பிரெஞ்சில் சொன்னேன். அதையே நம் பாஷையிலும் அவருக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவிஸ்காரருக்குக் கை கொடுத்தார்.

ஊற்றினார். அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். மூக்கைச் சுருக்கினாள். கணவனிடம் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

என்னிடம்தான் கேட்டார். ஐந்து வாரத்தில் முதல் இரண்டு சொல். என் நாக்கில் பதினான்கு அழகான பொய்கள் வரிசை கட்டி நின்றன, ஒவ்வொன்றும் ராஜ உடுப்பில்.

"புளிப்பா இருக்குன்றாண்ணே."

கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கினார். மீதியை வாயில் ஊற்றிச் சுழற்றித் தரையில் துப்பினார். "புளிப்புதான். இந்தப் பீப்பாய் மூடி சரியில்லைன்னு எனக்கு மூணு வருஷமாத் தெரியும். ஊத்துறப்பல்லாம் நீ தேன்னு சொன்ன, அமிர்தம்னு சொன்ன. நம்மளுக்குத்தான் நாக்கு செத்துப்போச்சோன்னு இருந்துட்டேன்."

நான் அந்தக் கோப்பையை வாங்கிக் குழாயடியில் கழுவினேன்.

அவரே உள்ளே போய்க் கடைசிப் பீப்பாயிலிருந்து வேறு கோப்பையில் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். நிறுத்தி, மறுபடி குடித்தாள். என் பக்கம் திரும்பி, இது மிகவும் நன்றாக இருக்கிறது, காலையிலிருந்து குடித்ததில் இதுதான் நன்றாக இருக்கிறது என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்காம்ணே. மடத்துதைவிட, அஸாத் பேயோடதைவிட இதுதான் நல்லா இருக்காம்."

உன் அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"நிஜமாவா?"

"நிஜமாண்ணே."

பிறகு என்னைத் தாண்டிப்போய் அந்தப் பெண்ணின் எதிரில் நின்றார். கோப்பையைத் தொட்டுக் காட்டினார், உதட்டைத் தொட்டுக் காட்டினார், கையை விரித்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் தலையை ஆட்டினாள். அவருக்குப் போதவில்லை. மறுபடி கேட்டார், அதே சைகையில், இன்னும் மெதுவாக. அவள் தன் நெஞ்சில் கை வைத்து மறுபடி ஆட்டினாள். அதன் பிறகுதான் சிரித்தார், அவளைப் பார்த்து. நான் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன்.

உன் சித்தப்பா,
நக்லே